குடிசை அகற்றப்படும்போது பள்ளிப் பிள்ளையின் உரிமை என்னவாகிறது?

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையை ஒட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்களைக் கொண்டு இடித்து அகற்றப்பட்டது. வடிகாலைத் தூர்வாரவும், மழைக்காலத்தில் அந்தப் பகுதியில் தண்ணீர் தேங்குவதைத் தடுக்கவும் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய மே 9 அன்று உத்தரவிட்டிருந்தது. அப்போது வெளிவந்த கணக்கின்படி அங்கிருந்த குடிசைகள் 370. அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் அடுக்குமாடி வீடு பெறும் தகுதி இருப்பதாக முதலில் முடிவு செய்யப்பட்டது. நரேலா தில்லியின் வட எல்லை. ஜங்புராவிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

இந்த இடிப்பைப் பற்றித் தமிழ்நாட்டிலும் தில்லியிலும் நிறையவே பேசப்பட்டது. வீடு போனது, வேலை போகிறது, நரேலா வீடுகளில் அடிப்படை வசதி இல்லை என்ற மூன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. மூன்றும் உண்மையான துயரங்கள். ஆனால் அந்த 370 குடிசைகளில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில் படித்தார்கள், ஜூலையில் பள்ளி திறந்தபோது அவர்களில் எத்தனை பேர் வகுப்பறையில் இருந்தார்கள் என்ற கேள்விகள் பொதுவெளியில் பெரும்பாலும் எழவே இல்லை. எழாமல் போனதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. குடிசை அகற்றல் நடைபெறும் முறையே குழந்தையைத் தனியாகப் பார்க்காத முறையாக இருக்கிறது. சட்டப்படி குழந்தைக்கு உரிமைகள் உண்டு. அகற்றல் நடைமுறையிலோ அந்தக் குழந்தைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதை அடைக்க முடியும்.

குடிசை என்னும் அலகு

தில்லியில் குடிசைப் பகுதிகளின் மறுகுடியமர்வுக்குப் பொறுப்பானது, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தில்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம். ‘டூசிப்’ என்றால்தான் குடிசைவாசிகளுக்குத் தெரியும். 2015ஆம் ஆண்டின் மறுகுடியமர்வுக் கொள்கைப்படி, குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கு வசித்ததற்குச் சான்றாக வாக்காளர் பட்டியலில் பெயரும், ரேஷன் கார்டு போன்ற ஆவணமும் இருக்க வேண்டும். மாடி போட்டுக் குடியிருந்தவர்களுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால்தான் தனிக் குடும்பம் என்ற கணக்கு.

கணக்கெடுக்க வருபவர் கேட்பதெல்லாம் குடும்பத் தலைவரின் பெயர், கார்டு, ஓட்டு, ஆண்டு ஆகியவையே. அப்பாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபட்டுப்போனால், அந்த வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் ‘தகுதியற்ற குடும்பத்தின்’ உறுப்பினராகிவிடுகிறாள். வாக்காளர் பட்டியலுக்கும் அவளுடைய படிப்புக்கும் என்ன தொடர்பு? சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை. வீடு பெறும் தகுதியைப் பொறுத்ததன்று கல்வி உரிமை. என்றாலும், தகுதி பெற்ற குடும்பத்துக்காவது நரேலா என்று ஒரு முகவரி கிடைக்கிறது. தகுதி பெறாத குடும்பம் எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் இல்லாமல் மறைகிறது. அது ஜங்புராவிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்ததா, வேறொரு குடிசைப் பகுதிக்குப் போனதா, விழுப்புரத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ ரயில் ஏறியதா என்று தேடிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. படிப்பை விட்டுவிடும் ஆபத்து மிகுதியாக உள்ள குழந்தைகள் இந்த இரண்டாம் வகையினர் என்பதே என் கணிப்பு.

அதே கொள்கை இன்னொன்றையும் சொல்கிறது: மாற்று வீடு அதே நிலத்தில் அல்லது 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தரப்பட வேண்டும்; அசாதாரணமான சூழ்நிலையில் மட்டுமே அதற்கு அப்பால் போகலாம். இந்த 5 கிலோமீட்டர் தாயின் வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் சேர்த்துப் போடப்பட்ட வேலி. நடைமுறையில் தில்லியின் மறுகுடியமர்வு பெரும்பாலும் பவானா, நரேலா, சவ்தா கேவ்ரா என்று நகரத்தின் விளிம்புகளை நோக்கியே நடந்துவந்திருக்கிறது. 2004இல் யமுனைக் கரையின் புஷ்தா குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது பவானாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பாதியில் பள்ளியை இழந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சாலையில் அதே பயணம் நடக்கிறது.

சட்டம் தருவது என்ன

அரசமைப்பின் 86ஆவது திருத்தம் 2002இல் 21அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை. அதைச் செயல்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இடம்பெயர்க்கப்படும் குழந்தைக்குப் பயன்படக்கூடிய பிரிவுகள் அதில் ஏராளம். எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாற வேண்டியிருந்தாலும், மாநிலத்துக்குள்ளோ வெளியேயோ, அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறிக்கொள்ளும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. தலைமையாசிரியர் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும், டி.சி. தாமதமானது என்ற காரணத்தைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவதை 14ஆம் பிரிவு தடுக்கிறது. ‘அட்மிஷன் முடிந்துவிட்டது’ என்று சொல்வதை 15ஆம் பிரிவு தடுக்கிறது. சேர்க்கைக்காகப் பள்ளிக் கதவின் முன் நிற்கும் ஒரு தாய்க்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவருக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று தில்லியின் 2011ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்துள்ளன.

இவ்வளவும் இருக்க, ஏன் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள்? முதல் காரணம், இந்த உரிமைகள் அனைத்தும் பெற்றோர் போய்க் கேட்டால் கிடைக்கும் உரிமைகள். இடிப்பு நடக்கும் வாரத்தில் பெற்றோரின் கைகள் காலியாக இருப்பதில்லை. பீரோவையும் கட்டிலையும் டெம்போவில் ஏற்ற வேண்டும்; பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்த கார்டுகளையும் ஜாதிச் சான்றிதழையும் தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; கொள்கைப்படி பயனாளி செலுத்த வேண்டிய தொகைக்குக் கடன் தேட வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அந்தத் தொகை ரூ.1,12,000; பராமரிப்புக்கு ரூ.30,000 தனி. கோட்டிகள் எனப்படும் வசதியானவர்களின் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு இது பல மாத உழைப்பு. புல்டோசர் வாசலில் நிற்கும்போது குடிசைவாசி தன் ஆவணங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தவிப்பதை சுதாமா சிங் வழக்கின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தில்லி உயர் நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரை, கல்வித் துறைக்கு நீங்களே சென்று விண்ணப்பியுங்கள் என்பது உரிமையைக் காகிதத்தில் நிறுத்திவிடுவதற்குச் சமம்.

காலமும் பிள்ளைகளுக்கு எதிராகவே அமைந்தது. தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூன் முடிய நீள்கிறது. ஆண்டுத் தேர்வுக் காலத்திலும் கடும் வானிலையிலும் அகற்றல் நடக்கக் கூடாது என்று டூசிப் வாரியத்தின் நடைமுறை சொல்கிறது. விடுமுறையில் இடித்தால் படிப்புக்குக் கேடில்லை என்று தோன்றலாம். ஆனால் விடுமுறையில் ஆசிரியர் பள்ளியில் இல்லை, அலுவலகம் அரைகுறையாக இயங்குகிறது, டி.சி. வாங்க ஆளில்லை, எந்தப் பிள்ளை எங்கே போனது என்று வகுப்பாசிரியருக்குத் தெரிவதில்லை. ஜூலையில் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து ‘ஆப்சென்ட்’ விழுந்த பிறகே தேடல் தொடங்குகிறது. தில்லியின் ஜூன் வெயிலையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பள்ளி எட்டாத தூரம்

தில்லித் தமிழர்களின் நிலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று அதன்கீழ் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் பள்ளிகள் இயங்குகின்றன. மத்திய அரசு அலுவலர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இப்பள்ளிகள் நாளடைவில் தில்லியின் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பள்ளிகளாகவும் மாறின என்பது பெருமைக்குரிய செய்தி. பாடங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே தமிழை ஒரு மொழிப்பாடமாக எழுதிப் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் அவர்களுக்கு இல்லை. ஜங்புராவிலிருந்து லோதி எஸ்டேட் பேருந்தில் சிறிது நேரப் பயணம். ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவின் பக்கம் இல்லை.

நரேலாவுக்கு இன்னும் மெட்ரோ இல்லை. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை செல்லும் பாதைக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. காலை எட்டு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை ஐந்து மணிக்குக் கிளம்பி, பேருந்து மாறி, மெட்ரோ பிடித்து, மறுபடி பேருந்து ஏற வேண்டும். 2019 அக்டோபர் முதல் தில்லிப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய முடிவதால் செலவு ஓரளவு குறையலாம். நேரமும் களைப்பும் குறைவதில்லை. டிசம்பர் மாதத்து இருட்டில் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்?

அப்படியானால் நரேலாவிலேயே ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்பது இயல்பான கேள்வி. எட்டாம் வகுப்பு வரை அது முடியும். முடிய வேண்டும் என்பதே சட்டம். அங்கே தமிழ் இராது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதிகள் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. குடிசை அகற்றலைத் திட்டமிடும் கோப்புகளில் அந்தப் பிரிவுக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி வளரும் பிள்ளைக்குப் பேச்சு ஒரு தடையாக இருக்காது. எழுத்து அப்படி அன்று. ஏழாண்டுகள் ஆங்கிலமும் தமிழும் எழுதிப் பழகிய கை, ஒரே கோடை விடுமுறையில் சமூக அறிவியலை இந்தியில் எழுதப் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்வதை, இடையில் மொழி மாற நேர்ந்த பிள்ளைகளுக்கும் நீட்டிப்பதுதான் நேர்மையான வழி.

பதினான்கு வயதுக்கு மேல்

மிகப் பெரிய ஓட்டை பதினான்கு வயதில் தொடங்குகிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று ஏற்றது. அதன்படியும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படியும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படியும் 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் கல்வி என்று இலக்கு வைக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் மட்டும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு மேலே சொன்ன 5, 14, 15ஆம் பிரிவுகளின் பலம் இல்லை.

சி.பி.எஸ்.இ. முறை இதை இன்னும் கடினமாக்குகிறது. மாணவரின் பெயரும் பாடங்களும் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் வாரியத்தில் பதிவாகின்றன. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளி மாற வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒன்பதில் தமிழை மொழிப்பாடமாகப் பதிவு செய்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவளுடைய குடும்பம் நரேலாவுக்குப் போகிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழாசிரியர் இல்லை. அவள் தமிழை விட்டு வேறு மொழிக்கு மாற வாரியத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அல்லது அந்த ஓராண்டு முழுவதும் தினமும் மூன்று நான்கு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். அல்லது ஜங்புராவில் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். மூன்றாவது வழியைத்தான் பல குடும்பங்கள் நாடும். சித்தி வீட்டில், ஏற்கெனவே ஐந்து பேர் படுக்கும் ஓர் அறையில், ஆறாவது ஆளாகப் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் நிலை அவளுக்கு. இவை எதற்கும் வழியில்லாத வீட்டில் நான்காவதாக ஒன்று காத்திருக்கிறது: படிப்பை நிறுத்துவது.

படிப்பு நின்ற பிள்ளைக்கு வேலை உடனே கிடைத்துவிடும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. 14 முதல் 18 வரையுள்ளவர்களுக்குச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. நரேலாவிலிருந்து பழைய கோட்டிக்கு வர முடியாத தாய் வேலையை இழந்து வருமானமும் நின்றுபோகும் வீட்டில், பதினைந்து வயது மகள் வீட்டு வேலைக்கோ, மகன் தொழிற்சாலைக்கோ போவதைத் தடுக்க அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை. கல்வி உரிமை முடியும் அதே வயதில் வேலைத் தடையும் தளர்வது தற்செயலாக நேர்ந்ததன்று; இரண்டையும் எழுதியவர்கள் பதினான்கு வயதோடு குழந்தைமை முடிந்துவிடுவதாகவே கருதியிருக்கிறார்கள். இதை மாற்றாமல் இளையோர் நலன் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஊருக்குத் திரும்புவது தீர்வாகுமா?

இடிப்பின்போது, சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவத் தயார் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. பெரியவர்களுக்கு அது ஊர். பிள்ளைகளுக்கு அது பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போய்வந்த இடம். தில்லியில் பிறந்து சி.பி.எஸ்.இ.யில் படித்த பிள்ளை திடீரெனச் சமச்சீர்க் கல்வியில், தமிழ்வழி வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கான உயர்கல்விச் சலுகைகள் பலவற்றுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. 2020இல் சட்டமான மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், 2022இல் தொடங்கி மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் அப்படிப்பட்டவையே. வீடு இடிக்கப்பட்டதால் ஒன்பதாம் வகுப்பில் கள்ளக்குறிச்சி அரசுப் பள்ளியில் சேரும் பெண், வகுப்பில் பக்கத்தில் இருக்கும் தோழிக்குக் கிடைக்கும் உதவியைப் பெற மாட்டாள். தில்லி தன் குடிமகளாகக் கணக்கிடாத பிள்ளையைத் தமிழ்நாடும் தன் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. அரசால் இடம்பெயர்க்கப்பட்டுத் திரும்பிவரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்துவது சென்னையின் கையில் உள்ள காரியம்; அதற்குத் தில்லியைக் கேட்க வேண்டியதில்லை.

பட்டியல் யார் கையில்

சிறு குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். அங்கன்வாடியில் பதிவான மூன்று வயதுப் பிள்ளையின் சத்துணவும் தடுப்பூசி அட்டையும் அந்தந்த மையத்தோடு பிணைந்தவை. ஜங்புராவும் நரேலாவும் ஒரே மாவட்டம் அல்ல. குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகும் மாறுகின்றன. மக்கள் குடியேறாத அடுக்குமாடித் தொகுதிகளில், தெருவிளக்கும் அறிந்த முகங்களும் இல்லாத இடத்தில், மாலையில் தனித்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் மட்டும் போதாது.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்றும், புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை அது உறுதிசெய்ய வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஏற்கெனவே கட்டளையிடுகிறது. குடிசைக் கணக்கெடுப்புப் படிவத்தோடு, தகுதி உண்டா இல்லையா என்று பாராமல், 18 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு, மொழிப்பாடம், அங்கன்வாடிப் பதிவு ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு தாள் சேர்ந்தால் போதும். அந்தத் தாள் இடிப்புக்கு முன்பே கல்வித் துறைக்குப் போக வேண்டும். சேர்க்கை முகாம் மக்கள் குடியேறும் தொகுதியிலேயே நடக்க வேண்டும். கல்வியாண்டு முடியும்வரை பழைய பள்ளிக்குப் பேருந்து ஓட வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பொதுத் தேர்வு முடியும்வரை அவகாசம் தர வேண்டும். குழந்தையைப் பாதிக்கும் முடிவுகளில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. எந்தப் பள்ளிக்குப் போக விரும்புகிறாய் என்று பிள்ளையிடமே கேட்டு எழுத அந்தத் தாளில் ஒரு வரி ஒதுக்கலாம்.

தில்லியின் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் வேலை உண்டு. நரேலாவில் ஒரு வாடகை அறையில் வாரம் இரண்டு நாள் தமிழ் வகுப்பு நடத்துவது பெரிய செலவு அன்று. பத்தாம் வகுப்புத் தமிழுக்கு அமர்ந்து படிக்க ஓர் இடமும் ஓர் ஆசிரியரும் இருந்தால், பாடத்தை மாற்றக் கோரி சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு எழுதும் விண்ணப்பங்கள் குறையும். தமிழ்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் மதராஸி கேம்ப் முகவரி கொண்ட பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது என்று கேட்கும் வேலையை இந்த வாரமே தொடங்க முடியும்.